எல். சுப்ரமணியத்தை முன்வைத்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

மகள் ஃபியூஷன் குழுவில், அதாவது கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் கலந்து வாசிக்கும் குழுவில், வயலின் வாசிக்கப் போகிறாள், கற்ற கர்நாடக சங்கீதம் கெட்டுவிடுமோ என்று கவலைப்பட்டிருந்தாய். அந்தக் கேள்வியோடுதான் இப்போது வயலின் வித்வான் எல். சுப்ரமணியத்தை மறுபடி கேட்டு வருகிறேன்.

அவருக்கு அப்பா வி. லட்சுமிநாராயணாதான் குரு. பக்கவாத்தியமாகவே இருந்த வயலின் தனிக்கச்சேரி வாத்தியமாக வேண்டும் என்பது அப்பாவின் கனவு. மகன் எம்.பி.பி.எஸ். முடித்தார், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார், அப்புறம்தான் கலிபோர்னியா போய் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தார். வேரூன்றிய பிறகு கிளம்பியவர். வெளிநாட்டு மேடையிலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றித்தான் வாசிப்பார். அப்படி ஊன்றினால் இடது கைக்கு வயலினைத் தாங்கும் வேலை இல்லை. தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடலாம். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்கும் கமகமே அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

1985-இல் ஜூபின் மேத்தா நடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் தான் இயற்றிய 'ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்' வாசித்தார். பெரிய சாதனைதான். ஆனாலும் என் மனம் அதற்கு முந்தைய வருடம் வந்த 'கான்வர்சேஷன்ஸ்' இசைத்தட்டுக்கே போகிறது. அதில் கூட வாசிப்பவர் ஜாஸ் வயலின் மேதை ஸ்டீஃபன் கிராப்பெல்லி, எழுபதைத் தாண்டியவர். ஆர்கெஸ்ட்ராவில் இருப்பவர்கள் தாளில் எழுதியதைத்தான் வாசிப்பார்கள். சுப்ரமணியம் மனோதர்மத்தில், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில், புதிதாக ஒன்றைப் பிடித்தால், அவர்களால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிராப்பெல்லி சொல்வார்! ஜாஸிலும் அதுதானே உயிர்? ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி, திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டு இசை கலப்பது என்றால் எனக்கு இதுதான்.

அதனால் மகளைத் தடுக்காதே. குருவிடம் பாடம் மட்டும் நிற்கக் கூடாது, அதில் கறாராக இரு. அப்புறம் அந்தக் குழுவின் ஒத்திகைக்கு ஒருநாள் நீயே போய் உட்கார். அவள் ராகத்தை விரிக்கும்போது மற்றவர்கள் காது கொடுக்கிறார்களா, இல்லை ஒரே கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்துக்கொண்டு அவள் முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்களா என்று பார். கீபோர்டு வாசிப்பவரை முக்கியமாகக் கவனி. கமகத்துக்கு இடம்விட்டு வாசிக்கத் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். பார்த்துவிட்டு எழுது. அவள் வாசித்த பதிவு இருந்தால் அதையும் அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்