கிரெனிச்சில் வீடு தேடுவோர் முதலில் மட்டம் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கிலும் ஸ்டாம்ஃபர்டிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கனெக்டிகட் கடற்கரையில் வீடு தேட ஆரம்பித்தால் முதலில் அடிபடும் பெயர் கிரெனிச். எழுத்துக் கூட்டினால் கிரீன்விச் என்றுதான் வரும். ஊரார் சொல்வது கிரெனிச். அங்கே எந்தப் பகுதி நல்லது என்று விசாரித்தால், பள்ளிக்கு எத்தனை மதிப்பெண், தெருவில் என்ன விலை என்ற இரண்டைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். குடியேறிய பிறகு ஆளை வாட்டுவது வேறு மூன்று விஷயங்கள்: வீடு நிற்கும் தரை எத்தனை அடி உயரம், கழிவுநீர் எங்கே போகிறது, காலையில் ரயிலடிக்கு எப்படிப் போவது. பத்திரம் பதிவதற்கு முன்பே இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஒரே ஊராட்சிதான் என்றாலும் கிரெனிச் ஒரே ஊர் அல்ல. தெற்கே லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற நீரிணையின் கடற்கரை. அதையொட்டி ரயில் பாதையும் ஐ-95 நெடுஞ்சாலையும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. வடக்கே மெரிட் பார்க்வே என்ற சாலை. பார்க்வேக்கு அப்பால் இருப்பதை பேக்கன்ட்ரி என்பார்கள். மனைக்கு நான்கு ஏக்கர் என்ற கணக்கில் காடும் பாறையும் கலந்த பகுதி. கரையோரத்தில் மேற்கிலிருந்து பைரம், பெல் ஹேவன், நடு ஊர், காஸ் காப், ரிவர்சைடு, ஓல்ட் கிரெனிச் என்று வரிசையாக வரும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனால் வாழ்க்கை முறையே மாறிவிடும்.

முதலில் ரயில். மெட்ரோ-நார்த் புறநகர் ரயிலின் நியூ ஹேவன் தடத்தில் இந்த ஊருக்கு நான்கு நிலையங்கள். நியூயார்க்கிலிருந்து வரும்போது கிரெனிச், காஸ் காப், ரிவர்சைடு, ஓல்ட் கிரெனிச் என்ற வரிசை. அடுத்த நிறுத்தம் ஸ்டாம்ஃபர்ட். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் வசதி கிரெனிச் நிலையத்துக்குத்தான் கூடுதல்; மற்ற மூன்றும் பெரும்பாலும் லோக்கல் வண்டிகளை நம்பியவை. கால அட்டவணையில் பத்து நிமிட வித்தியாசம்தான் தெரியும். கணக்கை வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போட வேண்டும். ஓல்ட் கிரெனிச்சில் நிலையத்துக்கு எட்டு நிமிடம் நடக்கிறவர், பேக்கன்ட்ரியிலிருந்து இருபது நிமிடம் காரோட்டி, நிறுத்த இடம் தேடி எக்ஸ்பிரஸ் பிடிக்கிறவரைவிட முன்னதாக நகரம் சேர்ந்துவிடுவார். நிலைய வாகன நிறுத்தத்துக்குப் பொதுவாக ஊராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் பயன்படுத்தப்போகும் நிலையத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா, எத்தனை நாள் ஆகும் என்று விலை பேசும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பைரத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: ஆற்றைக் கடந்தால் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டர் நிலையம், பைரத்தின் பல தெருக்களிலிருந்து நடக்கும் தூரம்தான். ஸ்டாம்ஃபர்டில் வேலை என்றால் ஓல்ட் கிரெனிச்சிலிருந்து ஒரே நிறுத்தம்.

இனி கடல். இங்கேதான் நிதானம் வேண்டும். லாங் ஐலண்ட் சவுண்ட் மேற்கே போகப் போகக் குறுகுகிறது. அதனால் கிழக்குக் கோடியிலுள்ள நியூ லண்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டரை அடி அளவே வித்தியாசம் இருக்க, கிரெனிச் பக்கம் அது ஏழு அடியைத் தொடுகிறது. ஏற்ற நேரத்தில் புயல் சேர்ந்துகொண்டால் கடல் தெருவுக்கு வந்துவிடும். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் ஓல்ட் கிரெனிச்சின் தாழ்வான தெருக்களில் காட்டியது இதைத்தான். பக்கத்து ஸ்டாம்ஃபர்டுக்கு 1969-இல் கட்டிமுடித்த புயல் தடுப்பணை இருக்கிறது. ஓல்ட் கிரெனிச் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே.

அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் மண்டலம் தெரியும். 'ஏஇ' என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு. 'விஇ' என்றால் அதே வெள்ளத்தோடு மூன்றடி அல்லது அதற்கு மேற்பட்ட அலையும் அடிக்கும். 1 சதவீதம்தானே என்று நினைக்கக் கூடாது. 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு 26 சதவீதம், நாலில் ஒரு பங்குக்கும் மேல். மண்டலத்தோடு அந்த இடத்துக்கான வெள்ள மட்டமும் அடியில் போட்டிருக்கும். விற்பவரிடம் 'எலிவேஷன் சர்டிஃபிகேட்' கேளுங்கள். வீட்டின் மிகக் கீழான தளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று உரிமம் பெற்ற சர்வேயர் அளந்து கொடுத்த தாள் அது. இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். ஓர் எச்சரிக்கை: கடல் ஏற்ற அட்டவணையின் பூஜ்யம் வேறு, ஃபீமா வரைபடத்தின் பூஜ்யம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கழித்தால் பல அடி பிசகும்.

தாளில் இல்லாததைத் தரைக்கு அடியிலுள்ள கீழ்த்தளத்துச் சுவர் சொல்லும். கையில் டார்ச் விளக்கோடு இறங்குங்கள். கான்கிரீட்டில் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருக்கிறதா? இரும்புத் தூண்களின் அடிப்பகுதி மட்டும் துருப்பிடித்திருக்கிறதா? தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மட்டும் சுவர்ப் பலகை புதிதாக இருக்கிறதா? வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் செங்கல் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறதா? கொதிகலனை ஏற்றி வைத்திருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்பது விற்பவருக்குத் தெரியும், நேராகக் கேட்டுவிடுங்கள். தூக்கிக் கட்டிய வீடு என்றால், கீழே அடைத்த பகுதியின் சுவர்களில் வெள்ளம் புகுந்து வெளியேறத் திறப்புகள் இருக்க வேண்டும். பொறியாளர் சான்று இல்லாத சாதாரணத் திறப்பானால், ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு சதுர அங்குலம் என்ற கணக்கு. குறைந்தது இரண்டு திறப்பு. அடிவிளிம்பு தரையிலிருந்து ஓரடிக்கு மேல் போகக் கூடாது. அழகுக்காக அவற்றை அடைத்துவிட்ட வீட்டில் வெளியே நீர் ஏறும்போது உள்ளே சமமாக ஏறாது. அந்த அழுத்தத்தில் சுவரே சரியும்.

கூட்டாட்சி வெள்ளக் காப்பீடு வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர்தான் தரும். இந்த ஊர் விலைக்கு அது போதாது. மேல்தொகைக்குத் தனியார் காப்பீடு தேட வேண்டும். கீழ்த்தளத்தில் வைத்த பொருள்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கடன் வாங்கும்போதே சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. 2021 அக்டோபரிலிருந்து பிரீமியம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் தொகையை வைத்து முடிவெடுக்க முடியாது. விற்பவரின் பாலிசி நடப்பில் இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதில் சலுகை விகிதம் மிச்சமிருந்தால் லாபம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைத் திகைக்க வைப்பது 50 சதவீத விதி. வெள்ள மண்டலத்தில் உள்ள பழைய வீட்டைப் புதுப்பிக்கும் செலவு, கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், முழு வீட்டையும் இன்றைய வெள்ள விதிக்கு ஏற்ப உயர்த்தியாக வேண்டும். மதிப்பு என்பது கட்டடத்துக்கு மட்டும்; நிலம் சேராது. ஓல்ட் கிரெனிச் போன்ற இடத்தில் விலையில் பெரும்பகுதி நிலத்துக்குத்தான். உதாரணமாக 20 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் கட்டடத்தின் மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்தைத் தொட்டதும் விதி பாய்கிறது. சமையலறை, இரண்டு குளியலறை, கூரை, ஜன்னல் என்று ஆரம்பித்தால் அந்தத் தொகை எங்கே நிற்கும்? 'வாங்கிவிட்டு மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம்' என்ற திட்டம் தாழ்வான தெருவில் பலிக்காது. முன்பு எடுத்த அனுமதிகளை ஊராட்சி எப்படிக் கூட்டிக் கணக்கிடும் என்பதையும் கட்டட அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் கொட்டிய மழையில் பைரம் ஆறு கரைபுரண்டது. ஆற்றோரம் உள்ள பெம்பர்விக் பக்கம் கடலைப் பார்க்காத தெருக்களில் வெள்ளம். விலை கொஞ்சம் எட்டும்படி இருக்கிறது என்று மேற்குப் பகுதிக்குப் போகிறவர்கள் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கிறார்கள்; எவ்வளவு உயரம் என்றும் பார்க்க வேண்டும்.

பேக்கன்ட்ரிக்குக் கடல் பயம் இல்லை. அங்கே வேறு கதை. ஊராட்சிப் பாதாளச் சாக்கடை பெரும்பாலும் தெற்குப் பகுதியோடு முடிகிறது. வடக்கே செப்டிக் டேங்கும் ஆழ்துளைக் கிணறும். செப்டிக் டேங்கின் அளவு படுக்கையறை எண்ணிக்கைக்கு ஏற்றபடி அனுமதிக்கப்பட்டது. நான்கு அறைக்கு அனுமதி பெற்ற வீட்டை ஐந்து அறை என்று விளம்பரம் செய்வது நடக்கிறது. சுகாதாரத் துறைக் கோப்பில் எத்தனை அறை என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. பாறை மேலாக இருக்கும் மனையில், செப்டிக் டேங்கின் நீர் மண்ணில் வடியும் தளத்துக்கு மாற்று இடம் இல்லாமல் போகலாம். பழையது கெட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வாங்கும் முன்பே பதில் வேண்டும். கிணற்று நீரில் கிருமி மட்டுமல்ல, ஆர்செனிக், யுரேனியம், ரேடான், பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்கள்) ஆகியவற்றுக்கும் சேர்த்துச் சோதனை கேளுங்கள். வழக்கமான சோதனைப் பட்டியலில் இவை எல்லாமே இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாததைத் தனியாகச் சொன்னால்தான் செய்வார்கள்.

மின்சாரம் போனால் கிணற்று மோட்டார் நிற்கும். விளக்கு மட்டுமல்ல, குடிநீரும் கழிப்பறைத் தண்ணீரும் நின்றுவிடும். 2020 ஆகஸ்ட் 4 இசையாஸ் புயலில் மரங்கள் கம்பிகள் மேல் விழுந்து மின்சாரம் திரும்பப் பல நாட்களான வீடுகள் உண்டு. ஜெனரேட்டர் அங்கே ஆடம்பரம் இல்லை. தெருவில் எரிவாயுக் குழாய் இருக்கிறதா, இல்லை புரோப்பேன் தொட்டியா, தொட்டி முழுதாக இருந்தால் எத்தனை நாள் ஓடும் என்று பாருங்கள். பழைய வீடுகளில் மண்ணுக்குள் புதைத்த எண்ணெய்த் தொட்டி இன்னொரு வில்லங்கம். வெளிச்சுவரோரம் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் குழாய், கீழ்த்தளச் சுவரில் நசுக்கி மூடிய மெல்லிய செம்புக் குழாய் ஆகியவை அதன் அடையாளம். தொட்டி கசிந்திருந்தால் மண்ணைச் சுத்தப்படுத்தும் செலவு வாங்கியவர் தலையில் விழும்.

கரையோரத்துக்கும் பேக்கன்ட்ரிக்கும் நடுவே, கரையிலிருந்து சற்று ஏறிய காஸ் காப், ரிவர்சைடின் மேட்டுத் தெருக்கள், ரயிலடிக்கு வடக்கே உள்ள ஊர்ப்பகுதி ஆகியவைதான் நகரத்துக்குத் தினமும் போகிறவர்களுக்கு ஏற்றவை என்பது எங்கள் கருத்து. சாக்கடை இணைப்பும் குழாய்த் தண்ணீரும் உண்டு, நடந்தே நிலையம் போகலாம், தரையும் உயரம். குறை சத்தம்தான். ஐ-95-உம் நான்கு ரயில் தடங்களும் அருகருகே ஓடுகின்றன. ஆம்ட்ராக் தொலைதூர வண்டிகளும் அதே தடத்தில்தான். ஜூலையில் இலைகள் மறைக்கும் சத்தம் ஜனவரியில் நேராகக் காதில் விழும். கோடையில் வீடு பார்த்தால், காலை 7 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ஒருமுறை போய்ப் படுக்கையறை ஜன்னலைத் திறந்து நில்லுங்கள்.

வீட்டைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் கட்டட விதிக்கான மண்டல எண்ணையும் (வெள்ள மண்டலம் அல்ல) பாருங்கள். ஆர்-12 மண்டலத்தில் தளப்பரப்பு விகிதம் 0.315, 12,000 சதுர அடி மனையில் 3,780 சதுர அடி கட்டலாம். கீழ்த்தளமும் மேல்மாட அறையும் எவ்வளவு சேரும் என்பதற்குத் தனி விதி. ஏற்கெனவே அந்த அளவைத் தொட்டுவிட்ட வீட்டில் ஓர் அறைகூடச் சேர்க்க முடியாது.

பள்ளிக்கு முகவரிதான் ஆதாரம். தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு தொடக்கப் பள்ளிக்குப் போகலாம் என்பதால் கல்வி அலுவலகத்தில் வீட்டு எண்ணைச் சொல்லியே உறுதிசெய்யுங்கள். அரசு உயர்நிலைப் பள்ளி ஊருக்கே ஒன்றுதான். வரி விகிதமும் பகுதிக்குப் பகுதி மாறாது, சாக்கடை வரியைத் தவிர. சந்தை மதிப்பில் 70 சதவீதத்தை அடிப்படையாக வைத்து வரியைக் கணக்கிடுவார்கள். தனியார் சங்கம் உள்ள பகுதியில் சந்தா கூடுதல்.

கடற்கரைக்காகவே கரையோரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரெனிச் பாயின்ட் கடற்கரைக்கான அனுமதிச் சீட்டு ஊரில் குடியிருப்போர் எல்லாருக்கும் ஒன்றுதான். காஸ் காப் மேட்டில் இருப்பவருக்கும் அதே மணல்.

தங்கள் நாளிதழ் வெளிநாட்டு வீட்டுச் சந்தை பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, விலையோடு வெள்ள மண்டலம், வெள்ள மட்டம், சாக்கடையா செப்டிக்கா என்ற மூன்று வரிகளையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். கனெக்டிகட்டில் விலை ஒத்துக்கொண்ட பின் ஆய்வுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. கிணற்று நீர்ச் சோதனை முடிவு வரவே பல நாள் பிடிக்கும். என்ன கேட்பது என்று முன்பே தெரிந்தவர்களால்தான் அந்தக் கெடுவுக்குள் முடிக்க முடிகிறது.

இப்படிக்கு,
கனெக்டிகட் வாழ் தமிழ் வாசகர்கள்