ஊசிக்கு முன்பே வந்த மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் எடையைக் குறைக்கும் செமாகுளுடைட் ஊசி குடிப்பழக்கத்தையும் விடவைக்கும் என்று சென்ற ஞாயிறன்று கட்டுரை வெளியிட்டீர்கள். அதன் பலனை என் மருந்துக்கடையில் வாரம் முழுவதும் அனுபவித்துவிட்டேன். கட்டுரையைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்த ஓர் அம்மா, "வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இதைப் போட முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றதும், "அப்படியானால் குழம்பில் கலக்கிற மாத்திரையாவது கொடுங்கள்" என்றார். அவர் கேட்டது டைசல்ஃபிராம், மதுவோடு சேர்ந்தால் உடலைப் படுத்தியெடுக்கும் மருந்து. அது உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான் கொடுக்கவில்லை.

கட்டுரையின் அறிவியலில் பிழை காணவில்லை. செமாகுளுடைட், நம் உடலிலேயே உருவாகும் ஜிஎல்பி-1 என்ற பெப்டைடைப் (புரதத்தைப் போன்ற சிறு மூலக்கூறு) போலச் செயல்படும் மருந்து. ஜிஎல்பி-1 குடலில் மட்டுமல்ல, மூளைத்தண்டிலும் உருவாகிறது. சாப்பிட்டது போதும் என்று உணரவைப்பதில் அதற்குப் பங்குண்டு. மூளையில் இன்பத்தை நாடவைக்கும் பகுதிகளிலும் அது வேலை செய்வதால், சோற்றாசையோடு மதுவாசையும் தணியக்கூடும். ஆனால் 2025-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் 48 பேர்; ஊசி போட்டது 9 வாரம். வேட்கை தணிந்தது, குடிக்கும் நாளில் அளவும் குறைந்தது. குடித்த நாள்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அதைவிட எனக்கு ஆதங்கம், குடிநோய்க்கான நால்ட்ரெக்ஸோன் மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லாதது. மது உள்ளே போனதும் மூளையில் எண்டார்பின் சுரக்கிறது. அதுவும் பெப்டைடுதான், பிடித்த பலகாரம் ருசிப்பதிலும் அதற்குக் கை உண்டு. எண்டார்பின் போய் அமரும் இடத்தை இந்த மாத்திரை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. குடித்தாலும் பழைய கிறக்கம் குறைகிறது, பலருக்கு அடுத்த கோப்பையின் இழுப்பும் குறைகிறது. குடிநோய்க்கு அமெரிக்காவில் 1994-இலேயே அனுமதி பெற்ற மருந்து இது. நம் நாட்டிலும் கிடைக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோனதால் இதைப் பற்றிப் பேச ஆளில்லை போலும். என் கடைக்கு இதற்கான சீட்டு வருவதே அபூர்வம். (ஊசி விற்றால் எனக்கு லாபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

கல்லீரலைப் பரிசோதித்து மருத்துவர் எழுதித்தர வேண்டிய மாத்திரை இது. மார்பின் போன்ற ஓபியம் வகை வலிமருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. இவற்றையெல்லாம் மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்து, அதே ஞாயிறு இதழில், அதே அளவு தலைப்பில் வெளியிடுங்கள்.

மருந்தாளுநர் ஒருவர்,
மன்னார்குடி