கல்விக் கட்டணக் கழிவில் பிழை: இரண்டு வருமான வரிக் கணக்குகளையும் திருத்தித் தரக் கோரி

பாளையங்கோட்டை
10.11.2025

பெறுநர்:
கிளை மேலாளர்,
வரித் தாக்கல் சேவை நிறுவனம்,
வண்ணார்பேட்டை கிளை, திருநெல்வேலி.

ஐயா,

2024-25 நிதியாண்டுக்கு கணவன் மனைவி எங்கள் இருவரின் வருமான வரிக் கணக்குகளையும் பழைய வரி முறையில் தங்கள் கிளைதான் தாக்கல் செய்தது. அதற்கு 3,000 ரூபாய் வாங்கினீர்கள். எல்லா ரசீதுகளையும் ஆகஸ்டிலேயே ஒப்படைத்தோம். அப்படியிருந்தும் இரண்டு கணக்கும் தவறு.

கணவர் கணக்கில் 80சி பிரிவுக்கு (சேமிப்பு, காப்பீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவற்றை வருமானத்திலிருந்து கழிக்கும் பிரிவு) பி.எஃப். 21,600, எல்.ஐ.சி. 40,000 போக, 1,50,000 உச்சவரம்பில் 88,400 மிச்சம். மகனின் பொறியியல் கல்லூரி ரசீது மொத்தம் 1,36,000 என்பதால் அந்த 88,400 முழுவதையும் கல்விக் கட்டணம் என்று நிரப்பிவிட்டீர்கள். ரசீதை மேலிருந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும்: டியூஷன் (கல்லூரியின் பாடக் கட்டணம்) 55,000, வளர்ச்சி நிதி 10,000, விடுதியும் மெஸ்ஸும் 62,000, தேர்வுக் கட்டணம் 4,000, புத்தகமும் சீருடையும் 5,000. இதில் டியூஷன் மட்டுமே 80சி-யில் வரும். வளர்ச்சி நிதியையும் நன்கொடையையும் சட்டமே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. ஆக 33,400 அதிகம்.

மூத்த மகளின் கல்விக்கடனில் நடந்தது இதைவிட மோசம். வருடத் தவணை 96,000. அதில் வட்டி 41,300, அசல் 54,700 என்று வங்கிச் சான்றிதழிலேயே பிரித்து எழுதியிருக்கிறது. கல்விக்கடனுக்கான 80இ பிரிவு வட்டிக்கு மட்டும்தான்; அசலுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. 96,000-ஐயும் வட்டி என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து 88,100 ரூபாய் கூடுதல் கழிவு. 20 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸுமாக 18,325 ரூபாய் வரி குறைவாகக் கட்டப்பட்டிருக்கிறது. மாதம் 1 சதவீதம் வட்டி வேறு ஓடுகிறது.

மனைவி கணக்கில் தலைகீழ். இளைய மகளுக்கு அவர் தன் சம்பளக் கணக்கிலிருந்து கட்டிய டியூஷன் 38,000 விடப்பட்டிருக்கிறது. 80சி-யில் அவருக்கு இடம் இருந்தது. "அப்பா கணக்கில் போட்டாச்சு, அம்மா போட முடியாது" என்றார் தங்கள் ஊழியர். அப்படி ஒரு விதி கிடையாது. இரண்டு பிள்ளைகள் என்ற வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கட்டியவர் காட்டலாம், ஒரே ரூபாயை இருவரும் காட்டக் கூடாது. அவரும் 20 சதவீத அடுக்கில் இருப்பதால் 7,904 ரூபாய் நஷ்டம்.

'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பேர் வாங்கிய பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலேயே கிளை வைத்திருக்கிறீர்கள். கல்லூரி ரசீதைப் படிக்கத் தெரியாமல் இந்த ஊரில் வரிக்கணக்கு போடக் கூடாது.

"பிராசஸ் ஆகிவிட்டது, நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்க மாட்டோம். வருமான வரித் துறை கணக்கைக் கணினியில் சரிபார்த்து அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்துவிட்டால் ரசீதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அதன் பிறகும் 139(5) பிரிவில் திருத்திய கணக்கு தரலாம், டிசம்பர் 31 வரை. அதைத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-யூ. (காலம் கடந்த பின் தரும் புதுப்பித்த கணக்குப் படிவம்) ஒன்றுதான் வழி. அதில் கணவர் வரிக்கும் வட்டிக்கும் மேல் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மனைவிக்கு அதுவும் உதவாது, ஏனென்றால் வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ அந்தப் படிவத்தில் முடியாது. நோட்டீஸ் வரும்வரை காத்திருந்து, தவறான தகவல் என்று முடிவானால் 270ஏ பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

ஆகவே நவம்பர் 25-க்குள் இரண்டு திருத்திய கணக்குகளையும் கட்டணமின்றித் தயாரித்து, தாக்கலுக்கு முன் எங்களிடம் காட்டுங்கள். பழைய ஒப்புகை எண்ணும் தாக்கல் தேதியும் அதில் சரியாக இருக்க வேண்டும். 18,325 ரூபாய் எங்கள் வரி, நாங்கள் கட்டுகிறோம். அதன் மீதான வட்டியும் நாங்கள் தந்த 3,000 ரூபாயும் தங்கள் பொறுப்பு.

அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால், திருத்தத்தை நாங்களே செய்துவிட்டு, சேவைக் குறைபாடு என்று திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இணைப்பு: கல்லூரி ரசீதுகள் 2, வங்கி வட்டிச் சான்றிதழ், இரு கணக்குகளின் ஒப்புகை நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள் இருவர்