சயாட்டிகா: வலி இறங்கினால் கவலை, ஏறினால் நல்லது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் இடுப்பு வலிக்குப் பத்துப் பயிற்சிகள் என்று படங்களோடு வந்ததை வெட்டி, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். முதல் படம், காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து கால் விரலைத் தொடுவது. நான்கு நாள் விடாமல் செய்தேன். நான்காவது நாள் இரவு, கெண்டைக்கால் வரை இருந்த வலி சுண்டுவிரல் வரைக்கும் போய்விட்டது. படத்தைப் போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காலுக்கு வலி இறங்குகிறவர்கள் இதைச் செய்யும் முன் யாரிடமாவது காட்டிக்கொள்ளுங்கள் என்று அடியில் ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். எனக்கு வந்தது சயாட்டிகா, இடுப்பில் நரம்பு அழுத்தப்பட்டு காலுக்கு இறங்குகிற வலி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பது வருடமாகத் தைக்கிறவன். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வலது காலால் மிதியை அழுத்திக்கொண்டே இருக்கிற வேலை. ஒரு நாள் கீழே விழுந்த கத்தரியை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் ஏதோ பிடித்தது. சுளுக்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு தும்மல். அவ்வளவுதான். பிட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியாகக் குதிகால் வரைக்கும், உள்ளே ஓடுகிற நூலை யாரோ கீழேயிருந்து பிடித்துச் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் இன்னும் மோசமானது.

இந்த வலியை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உட்கார முடியாது, குனிந்து செருப்பு மாட்ட முடியாது. கழிவறைக்குப் போவதே ஒரு பயணம். இருமல் வந்தால் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் இரும வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வீடே தூங்கும்போது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலில் நின்றுகொண்டிருப்பேன். நின்றால் கொஞ்சம் தேவலை. வலியை விட எரிச்சலாக இருந்தது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்' என்கிற முகத்தோடு போனதுதான். காயம் இல்லை, கட்டு இல்லை, வீக்கம் இல்லை. யார் நம்புவார்கள்?

எல்லோரும் சொன்ன ஒரே வைத்தியம், படு. அசையாதே, படு. படுத்தேன், பன்னிரண்டு நாள். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, கூடவே தொடையும் தொளதொளத்துப் போயிருந்தது. பிற்பாடு என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள்: 1999இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 183 சயாட்டிகா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்களாம், இன்னொரு பிரிவை முடிந்த மட்டும் நடமாட விட்டார்களாம். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் ஒரு லாபமும் இல்லை. இது தெரிந்து இத்தனை வருடமாகியும் 'முழு ஓய்வு' என்ற சொல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

கடைசியில் ஒரு மருத்துவரிடம் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலைத் தூக்கினார். ஒரு முழம் தூக்குவதற்குள் கத்திவிட்டேன். அப்புறம் குதிகாலைத் தட்டினார், இடது பாதம் துள்ளியது, வலது பாதம் சும்மா கிடந்தது. வலது கால் விரல்களில் மட்டும் எக்கி நிற்கச் சொன்னார். குதிகால் எழும்பவே இல்லை. மிதியை அழுத்தும்போது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வலதுபக்க எஸ்1 நரம்பு வேர் என்றார், முதுகெலும்பின் அடியிலிருந்து காலுக்குக் கிளம்பும் வேர்களில் ஒன்று. முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்குகளில் கடைசி டிஸ்க் பிதுங்கி அந்த வேரை அழுத்துகிறது. இடுப்பிலிருந்து கிளம்பும் ஐந்து வேர்கள் சேர்ந்து கட்டைவிரல் பருமனில் ஒரே நரம்பாகி காலுக்கு இறங்குகின்றன, அதனால்தான் தப்பு இடுப்பில், அழுகை பாதத்தில். டிஸ்க்தான் இதற்குக் காரணம் என்று உலகம் நம்பத் தொடங்கியதே 1934இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய பிறகுதானாம். அதற்கு முன்னால் இருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்து நான் பயந்தது வேறு கதை. தேய்மானம், பிதுக்கம், வறட்சி என்று வரிசையாக இருந்தது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இருபது வயதுக்காரர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 பேருக்கும் பிதுக்கம் தெரியும் என்று அந்த மருத்துவரே சொன்னார். டிஸ்கிலிருந்து வெளியே வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டாம். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் சரியாகத் தூங்கினேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார். முதலில் சும்மா, பிறகு முழங்கையை ஊன்றி, சில நாள் கழித்து உள்ளங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். பத்து முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நியூசிலாந்தில் 1956இல் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டின் அறையில், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் ஒரு நோயாளி தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டாராம். ஐந்து நிமிடத்தில் கால் வலி போய்விட்டது. அங்கிருந்து வந்த முறைதான் இது. என் பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்ன கணக்கு ஒன்றே ஒன்று: 'வலி எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எங்கே என்று பாருங்கள். பாதத்திலிருந்து மேலே ஏறினால் சரியாகிறது. கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்.'

எங்கே என்று பார்ப்பது என் தொழில். பழைய கால்சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, தினமும் காலையில் வலி எது வரைக்கும் வருகிறதோ அங்கே துணியில் தையல் சாக்கால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் கோடு கணுக்காலுக்குக் கீழே, மடிப்புத் தையலின் மேலேயே. எட்டு நாள் அதே இடம். ஒன்பதாம் நாள் இஞ்ச் டேப் வைத்து அளந்தேன், நான்கு அங்குலம் மேலே வந்திருந்தது. மூன்றாவது வாரம் முழங்கால் மடிப்பு. இதில் ஒரு வேடிக்கை, கோடு மேலே போகப் போக இடுப்பில் வலி கூடியது. அந்தக் கோடுகள் இல்லையென்றால் நோய் முற்றுகிறது என்று பயந்து நான் பயிற்சியையே நிறுத்தியிருப்பேன். நிறையப் பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள் என்று அவரும் சொன்னார். நடுவில் ஒரு நாள் முரட்டுத்தனமாகத் துணி மூட்டையைத் தூக்கினேன். கோடு மறுபடி கெண்டைக்காலுக்கு இறங்கியது. ஆறாவது வாரம் தொடை. பதினோராவது வாரம் பின் பாக்கெட்டுக்கு வந்து, அப்புறம் கோடு போட இடமில்லை.

எல்லோருக்கும் இதே பயிற்சி பொருந்தாது. சிலருக்குப் பின்னால் வளைந்தால்தான் வலி காலுக்கு இறங்கும், குனிந்தால் சுகம். வயதானவர்களுக்கு நரம்புப் பாதை குறுகியிருந்தால் அப்படித்தான் என்றார் பிசியோதெரபிஸ்ட். படத்தைப் பார்த்துப் பழகுவதில் இருக்கிற சிக்கலே இதுதான். மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. நரம்பு வலிக்கென்று கொடுத்த பிரிகாபலின் எனக்குத் தலைசுற்றலைத்தான் கொடுத்தது, இரண்டு துணியைக் கோணலாக வெட்டினேன். சயாட்டிகாவுக்கு அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்திருக்கிறதாம். மருத்துவரிடம் சொல்லி, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன், திடீரென்று நிறுத்தக்கூடாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வலி சீக்கிரம் விடுகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்று 2007இல் ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். காத்திருக்க முடிகிறதா என்பது அவரவர் வலியைப் பொறுத்தது.

ஆனால் காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. அடுத்த முறை இடுப்பு வலி பற்றி என்ன போட்டாலும், ஓரத்தில் கட்டம் கட்டி இதைப் போடுங்கள்: சிறுநீர் வராமல் நின்றுபோவது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு தொடைகளுக்கும் நடுவில், மலவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது, பாதம் தொங்கிப்போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை, ராத்திரியானாலும் சரி. முதுகெலும்பின் அடியில் நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். தாமதித்தால் போன உணர்வும் பலமும் திரும்பி வராமலே போகலாம். பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தபோது இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அப்படி எதுவும் வராதது என் அதிர்ஷ்டம்.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு பாபின் நூல் தீரும்போதும் எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன். ஸ்டூலை இரண்டு அங்குலம் உயர்த்தினேன், மிதியை அருகில் இழுத்துப் போட்டேன். சுண்டுவிரல் மட்டும் இன்னும் சாக்ஸ் போட்ட மாதிரிதான் இருக்கிறது, அது போகட்டும். உங்கள் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. முதல் பயிற்சியின் மேல் மட்டும் சாக்கால் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதை வெட்டும் மேசையில் நின்றுகொண்டே எழுதினேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தையல்காரர் ஒருவர்