கலங்கலோடு போகும் ஈயம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? என் கண்ணாடியின் பவர் மறுபடி ஏறிவிட்டது. இங்கே வேறு புதுச் செய்தி இல்லை.

“ஈயம் மேல்மண்ணை விட்டு நகராது என்றுதானே படித்தோம், அப்புறம் ஆழத்துத் தண்ணீரில் எப்படி?” என்று கேட்டிருந்தாய். ஈயத்தைக் களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் இலைதழை மக்கிய பொருளும் இறுகப் பிடித்துக்கொள்ளும், அது உண்மைதான். ஆனால் பிடித்தவன் இடத்தை விட்டு அசையமாட்டான் என்று நாமாகவே நினைத்துக்கொண்டோம்.

போன மாதம் ஒரு கண்ணாடிக் குழாயில் ஈயம் கலந்த மண்ணை அடைத்து, மேலிருந்து கால்சியம் உப்புக் கரைசலை விட்டேன். கீழே தெளிந்த நீர் சொட்டியது. அதில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். பிறகு கரைசலை நிறுத்திவிட்டு வெறும் காய்ச்சி வடித்த நீரை விட்டேன். கொஞ்ச நேரத்தில் சொட்டு கலங்கி, நீர்த்த தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஈயமும் கூடவே வந்தது. கால்சியம் களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. உப்பு குறைந்ததும் அவை ஒன்றையொன்று தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டன. மழைநீரும் உப்பில்லாத நீர்தானே!

இப்படிக் கிளம்பும் நுண்துகள்களைக் கூழ்மத் துகள்கள் என்கிறோம். ஒரு நானோமீட்டரிலிருந்து ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் அளவு. ஆனால் மாண்ட்மொரில்லனைட் என்ற களி வகையில் ஒரு கிராமுக்கு, அடுக்குகளின் உட்புறத்தையும் சேர்த்தால், 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கிறது. உலோகம் ஒட்ட இடத்துக்குப் பஞ்சமே இல்லை. வேர் அழுகிய பாதை, மண்புழு வளை, வெடிப்பு என்று ஓட்டைகள் கிடைத்தால் மளமளவென்று இறங்கிவிடும். நுண்ணிய துளைகளுக்குள் இவை நுழைய முடியாததால், சில சமயம் தண்ணீரின் சராசரி வேகத்தையும் முந்திவிடுகின்றன. எனக்குப் பிடித்த வேடிக்கை இது.

அமெரிக்காவின் நெவாடாவில் 1968இல் நிலத்தடியில் வெடித்த ஒரு அணுகுண்டுச் சோதனையின் புளூட்டோனியம், 1.3 கிலோமீட்டர் தள்ளி நிலத்தடி நீரில் கிடைத்ததை 1999இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட முழுவதும் கூழ்மத்தோடு ஒட்டியே இருந்தது. பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று நம்பப்பட்ட உலோகம்!

எல்லா உலோகத்துக்கும் இதையே சொல்லிவிடாதே. அமில மண்ணில் காட்மியத்துக்கு வாகனமே வேண்டாம், அயனியாகத் தானே போய்விடும். கூழ்மமும் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. வழியில் சிக்கித் துளையை அடைப்பதும் உண்டு.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். 0.45 மைக்ரான் வடிதாளில் வடிந்ததையெல்லாம் ‘கரைந்த ஈயம்’ என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருந்தேன். அதைவிட நுண்ணிய சவ்வில் மறுபடி வடித்தபோது பெரும்பகுதி சவ்வின் மேலேயே தங்கிவிட்டது. பழைய நோட்டுகளைத் திறக்கவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆகவே உன் ஆழ்துளைக் கிணற்று நீரை இரண்டு புட்டியில் எடு. ஒன்றை வடிகட்டி, இன்னொன்றை அப்படியே. வடிகட்டுமுன் அமிலம் விடாதே, துகளில் ஒட்டியிருப்பது கழன்றுவிடும். மோட்டாரையும் முழு வேகத்தில் ஓட்டாதே; அடியில் சும்மா கிடக்கும் களியை நீயே கிளப்பிவிடுவாய். புட்டிகள் வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு