காய்ச்சல் இல்லை, மாப்பிள்ளை

வேளச்சேரி,
சென்னை-42

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை. அன்றைக்கு என் ஜெராக்ஸ் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தேன், முதல் நாள் மத்தியானம் ரத்து செய்தேன். உனக்கு 60,000 ரூபாய் தர வேண்டியவன், உன் வீட்டு மொய் மேசைக்கு முன்னால் நின்று 501 ரூபாய் எழுதுவதா? எழுதுகிறவர் என் பெயரைச் சத்தமாகக் கேட்பாரே, பக்கத்தில் நீ நிற்பாயே என்று ஓடியது மனசு. அதற்கப்புறம் நீ இரண்டு தடவை போன் செய்தாய். எடுக்கவில்லை. உன்னை மட்டும் இல்லை, அந்தச் சமயத்தில் யார் போனையும் நான் எடுக்கவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கலர் பிரிண்டர், பேப்பர் கட்டுகள் எல்லாம் போயிற்று. இன்சூரன்ஸ் எடுத்திருக்கவில்லை. நீ 60,000 அனுப்பினாயே, அது அந்த வாரம்தான். மீதிக்கு பர்சனல் லோன் போட்டு மெஷின் வாங்கினேன். வியாபாரம் பழையபடி வரவில்லை. இப்போது யார் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், எல்லாம் போனிலேயே போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். லோன் தவணையைக் கட்ட கார்டிலிருந்து பணம் எடுத்தேன். கார்டைக் கட்ட இன்னொரு கார்டு. அதைக் கட்ட செயலியில் ஒரு கடன். கடைசியில் தண்டல்.

தண்டல் உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் ஒன்றாகத் தங்கியிருந்த திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குக் கீழே பூக்காரம்மா வாங்குவார்களே, அதேதான். 10,000 என்றால் கையில் 8,500 தருவார்கள், நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினமும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிற வட்டி அது. நான் மூன்று வாங்கியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பையன் பைக்கில் வந்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அட்டையில் டிக் அடித்துவிட்டுப் போவான். மரியாதையான பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் அவன் டிக் அடிக்கும்போது பென்ஷன் பேப்பர் நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. மறுநாள் வேலை எதுவும் இல்லாமலே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "மொத்தம் எவ்வளவு தம்பி?" என்றார். நாலு லட்சம் இருக்கும் சார் என்றேன். "இருக்கும் என்று சொல்லாதே, எழுது" என்றார். நாம் மேன்ஷனில் மெஸ் கணக்கு எழுதுவோமே, அதே மாதிரி நீள நோட்டு ஒன்று கடையில் கிடந்தது. எழுதினேன். கூட்டினால் 8,12,000. மாப்பிள்ளை, கடன்காரன் யாரிடம் எவ்வளவு என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டே இருப்பான், ஆனால் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்க மாட்டான். நான் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டியது பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இதில் கிரெடிட் கார்டு என்று போட்டிருக்கிறதே, அது ஏன் குறையவே இல்லை?" என்று கேட்டாள். எனக்கே அப்போதுதான் புரிந்தது. பெரிய கார்டில் பாக்கி 1,85,000. மாதம் மூன்றரை சதவீத வட்டி 6,475 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு, அது 1,165. நான் 'குறைந்தபட்சத் தொகை' என்று 9,250 கட்டி, ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அசலில் போனது 1,610. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அன்றைக்கே இரண்டு கார்டையும் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஆலோசனை அமைப்புகள் இருக்கின்றன என்றார் அந்த சார். கடன் கொடுத்தவர்களிடம் அவர்களே பேசி வட்டியைக் குறைத்து, நாம் மாதம் ஒரே ஒரு தொகை கட்டினால் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்களாம். மூன்று நாலு வருஷம் ஓடுமாம். "இங்கே அந்த ஆலோசகனும் நீதான், கடன்காரனும் நீதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கம்பெனிக்காரன் போன் செய்தான். எல்லாத் தவணையையும் நிறுத்துங்கள், பாதிப் பணத்தில் செட்டில் செய்து தருகிறோம், முன்பணம் 15,000 என்றான். கிட்டத்தட்ட அனுப்பியிருப்பேன். சார்தான் தடுத்தார். பேங்க்காரர்கள் பாதிக்கு ஒத்துக்கொள்வதும் உண்டு, ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும், அடுத்து கடன் கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும் என்றார். அதைவிட, நாமே பேங்கில் பேசுவதற்கு எதற்கு 15,000 என்று கேட்டார். பதில் இல்லை.

சரி, திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வட்டி அதிகமானது முதலில். அவளுடைய நாலு பவுன் ஆரம் ஏற்கனவே 1,10,000 ரூபாய்க்கு அடகில் இருந்தது. நான் மறு அடகு வைக்கலாம் என்றேன். "மறுபடி வைத்தால் இன்னொரு கடன். மீட்டு விற்றுத் தொலையுங்கள்" என்றாள். மைத்துனர் ஒரு நாளைக்குக் கைமாற்று கொடுத்தார். மீட்டு, தி. நகரில் விற்றோம். அடகுக் கடன் போக வந்ததில் தண்டலையும் செயலியையும் அடைத்துவிட்டு, மிச்சத்தைச் சின்னக் கார்டில் கட்டினோம். அது 2024 ஜூன். அதற்கப்புறம் பவுன் விலை எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியும். இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் டிவியில் தங்கம் விலை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

பெரிய கார்டுக்கு நானே பேங்குக்குப் போனேன். மூன்று நடை. மொத்தப் பாக்கியையும் 18 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள். மாதம் ஏறக்குறைய 6,700. குறைந்தபட்சத் தொகை என்று முன்பு கட்டியதைவிடக் குறைவு, அதோடு இதற்கு ஒரு முடிவு உண்டு. மாதம் 39,000 போய்க்கொண்டிருந்த இடத்தில் 21,000 ஆயிற்று. வண்டியை விற்றேன். தீபாவளிச் சீட்டை மட்டும் நிறுத்த மாட்டேன் என்று அவள் சண்டை போட்டாள், விட்டுவிட்டேன். அது ஒன்றாவது வீட்டில் சிரிப்பு வர இருக்கட்டும்.

போன் தொல்லை பற்றிச் சொல்லாவிட்டால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். தவணை பிசகிய மாதங்களில் ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் வசூல் ஏஜென்ட் கூப்பிடுவான். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நோட்டில் தேதியும் நேரமும் குறித்து, பேங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவு கிடையாது. அதுவரை போக வேண்டி வரவில்லை, இரண்டாவது கடிதத்தோடு ராத்திரி போன் நின்றுவிட்டது. செயலிக்காரர்கள் வேறு ஜாதி. என் போனிலிருந்த நம்பர்களை உருவி, நான் மோசடிக்காரன் என்று பலருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். உனக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வந்திருந்தால், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கார்டு ஒரு வருஷத்தில் முடிந்தது. அதில் மிச்சமான 3,000-ஐ எட்டு மாதம் தனிக் கணக்கில் போடச் சொன்னார் சார். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடி தண்டல்காரப் பையனைத் தேடக் கூடாதே என்று. 24,000 சேர்ந்திருக்கிறது. இனி அந்த 3,000 பர்சனல் லோனுக்குப் போக வேண்டும், சார் போட்ட அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. உன் பெயர் எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசி வரி. வட்டி பூஜ்யம், நெருக்கடி பூஜ்யம், அதனால் கடைசி. கணக்கு சரிதான், சாரிடம் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் யோசித்துப் பார், வருஷத்துக்கு நூறு சதவீதம் உறிஞ்சினவனுக்கு முதல் மரியாதை. தந்துவிட்டு வாயைத் திறக்காதவனுக்குப் பந்தியில் கடைசி இலை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் ஒளிந்துகொள்வது வேறு.

போன வாரம் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி போயிருந்தேன், பேப்பர் வாங்க. நம் மேன்ஷன் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மெஸ்ஸில் யார் பாக்கி வைத்தாலும் மாதக் கடைசியில் ரூம்மேட்டுக்குத்தான் முதலில் தருவது, அதற்கப்புறம்தான் மெஸ்காரர். அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தோமே. வைத்தது நீதான்.

அதனால் சாரிடம் சொல்லாமல் ஒன்று செய்திருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து 2,000 உனக்கு, 1,000 லோனுக்கு. 30 மாதம் ஆகும். நேற்று உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய். திருப்பி அனுப்பாதே, அனுப்பினால் நோட்டில் கணக்கு குழம்பும். உன் பெயருக்கு எதிரே 58,000 என்று இப்போதுதான் எழுதியிருக்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் எங்கே இருக்கிறார்கள், தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுது. எழுதச் சோம்பலாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மேல் கூப்பிடு, கடை மூடியிருக்கும். பழைய நம்பர்தான். இப்போது எடுக்கிறேன்.

உன்,
பழைய ரூம்மேட்