பொருள்: டி.டி.எஸ். மீட்டரைக் காட்டியே மூன்று தடவை சமாளித்துவிட்டுப் போனது பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் மூன்று வருஷமாக எங்கள் அடுப்படிச் சுவரில் தொங்குகிறது. ஜனவரியில்தான் 4,500 ரூபாய் கட்டி ஏ.எம்.சி., அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், புதுப்பித்தேன், ரசீதும் சர்வீஸ் கார்டும் இணைத்திருக்கிறேன். போன மாதத்திலிருந்து நான்கு தடவை டோல் ஃப்ரீயில் கூப்பிட்டு, மூன்று தடவை ஆள் வந்து, மூன்று தடவையும் நடந்தது ஒரே காரியம்தான்: தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுகிற, பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டார்கள், 410 என்று காட்டியது, "500க்குள்ளதான் சார் இருக்கு, தண்ணி சூப்பர்" என்று சொல்லிவிட்டு, என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்த நிமிஷமே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. எது தீர்ந்தது?

மெஷின் புதிதாக மாட்டியபோது இதே மீட்டர் 80 காட்டியது. உங்கள் ஆளே கைப்பட கார்டில் எழுதியிருக்கிறார். 80 எப்படி 410 ஆனது என்று நான் கேட்டதற்கு மூன்று பேரிடமும் பதில் இல்லை. ஆனால் காரணம் எனக்குத் தெரியும், அது நடந்தபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மே மாத சர்வீஸுக்கு வந்த தம்பியிடம் என் அம்மா, தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். 81 வயசு, செங்குன்றம் ஏரித் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்கு, அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். "இருங்க பாட்டி, டேஸ்ட் வர வைக்கிறேன்" என்று அந்தத் தம்பி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு சின்னத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் நாலு சுற்று சுற்றினார். டேஸ்ட் வந்தது, அம்மாவுக்குச் சந்தோஷம், தம்பிக்கு ஒரு டம்ளர் மோரும் கிடைத்தது. அந்தத் திருகுதான் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பதும், அதைத் திறந்தால் உப்பை வடிகட்டுகிற மெம்பிரேன் சவ்வு வழியாகப் போகாத தண்ணீர் நேராக வந்து சுத்தமான தண்ணீரோடு கலக்கும் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எங்கள் மேல் தொட்டித் தண்ணீரின் டி.டி.எஸ். 1,180. மெட்ரோ தண்ணீர் போதாமல் போர் தண்ணீரையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறோம், இந்தப் பக்கம் பாதி வீட்டில் அதுதான் கதை. 80ஐயும் 1,180ஐயும் கலந்து 410 வர வேண்டுமென்றால் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன். நாங்கள் குடிக்கிற ஒவ்வொரு டம்ளரிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர்.

சரி, அந்தத் தண்ணீரும் யு.வி. என்கிற புற ஊதா விளக்கைத் தாண்டித்தான் வருகிறது, கிருமி செத்துவிடும் என்று உங்கள் கையேட்டில் போட்டிருக்கிறீர்கள். நான் மணலியில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவன். மூன்றாவது ஆளும் மீட்டரைக் காட்டிவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே மூடியைத் திறந்தேன். யு.வி. ட்யூபின் முனை இரண்டும் கருகிக் கிடந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்து ஃபிலமென்ட் அறுந்திருக்கிறது. ஆனால் முகப்பில் 'யு.வி.' என்று எழுதிய நீல விளக்கு மட்டும் இத்தனை நாளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அதற்குச் சப்ளை அடாப்டரிலிருந்து தனியாக எடுத்திருக்கிறீர்கள். கரண்ட் இருந்தால் அது எரியும். ட்யூப் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜனவரி, மே இரண்டு சர்வீஸிலும் கார்டில் 'யு.வி. – ஓ.கே.' என்று டிக் போட்டிருக்கிறார்கள். நீல விளக்கைப் பார்த்துப் போட்ட டிக் அது.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டினேன் என்றால், வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், தாய்ப்பால் பற்றாமல் பவுடர் பாலும் கொடுக்கிறோம். ஜூனில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, அடுத்த வாரம் என் மனைவிக்கும் அதே. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "பால் பவுடரை எந்தத் தண்ணியில கலக்கறீங்க?" தண்ணீரால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரை டெஸ்ட் செய்துவிடுங்கள் என்று அவர்தான் சொன்னார்.

செய்தேன். அங்கீகாரம் உள்ள லேபில் கிருமிநீக்கிய பாட்டில் கொடுத்தார்கள், உள்ளே அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி, அதைக் கழுவிவிடாதீர்கள், தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்கத்தான் போட்டிருக்கிறோம் என்றார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் மெஷினிலிருந்து பிடித்த தண்ணீர், தொட்டித் தண்ணீர், இரண்டும். 2,850 ரூபாய். ஈயமும் ஆர்செனிக்கும் இல்லை, அந்த வரைக்கும் நிம்மதி. ஆனால் மெஷின் தண்ணீரில் ஈ.கோலை என்கிற குடல் கிருமி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவுகோல்படி, அதாவது ஐ.எஸ். 10500, 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. மனிதக் கழிவோ மாட்டுச் சாணமோ கலக்காமல் ஈ.கோலை எங்கிருந்து வரும்? எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, தண்ணீர் விடாத நேரத்தில் மோட்டார் போட்டு இழுத்தால் விரிசல் வழியாக அதுவும் சேர்ந்து வரும். அந்தக் குழாய் உங்கள் பொறுப்பு இல்லை, அதற்கு வேறு இடத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லித்தானே எங்கள் தலையில் மெஷினைக் கட்டினீர்கள்.

நைட்ரேட் இன்னொரு விஷயம். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதற்குமேல் தளர்வு எதுவும் கிடையாது. தொட்டியில் 110, மெஷினில் 48. மூன்று மில்லிகிராம்தானே கூட என்று உங்கள் கால் சென்டர் அம்மா கேட்டார். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனை நைட்ரேட் கெடுக்கும், உடம்பு நீலம் பாரிக்கும், ஆறு மாதத்துக்குக் கீழே இருக்கிற பவுடர் பால் குழந்தைக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், வரம்பை வைத்ததே முக்கியமாக அதற்காகத்தான். "அப்போ காய்ச்சிக் குடுங்க சார்" என்றார். அம்மா, காய்ச்சித்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்.

உங்கள் மூன்றாவது ஆள் கொஞ்சம் படித்தவர் போல. டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் ஆர்.ஓ.வே வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது என்றார். 2019இல் சொன்னது உண்மைதான். ஆனால் அது மெஷினுக்குள் போகிற தண்ணீரைப் பற்றியது, வெளியே வருகிற தண்ணீரை 500 வரைக்கும் கலந்து கொடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும்தான், அதை வைத்து உப்பை ஊகிக்கிறது. கிருமி அதற்குத் தெரியாது. 2013இல் பக்கத்துத் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாய் கசிந்து போர் தண்ணீரில் டீசல் வாடை அடித்ததே, அந்தத் தண்ணீரில் இந்த மீட்டரை விட்டிருந்தாலும் டீசல் இருக்கிறது என்று அது சொல்லியிருக்காது. அந்தக் காலத்தில் அங்கே இருந்த என் தங்கை வீட்டில் வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்தவன் நான். எங்களிடம் வந்து மீட்டரை நீட்டினால் எப்படி?

எனக்கு வேண்டியது இதுதான். அந்தத் திருகை முழுசாக மூடி, யு.வி. ட்யூபை மாற்றி, அது எரிகிறதா என்பதை நீல விளக்கைக் காட்டாமல் ட்யூபில் வைத்தே காட்டுங்கள். உள்ளே இருக்கிற டேங்க்கையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், ஃபில்டர்களை மாற்ற வேண்டும், அப்புறம் உங்கள் செலவில் மறுபடி லேபில் டெஸ்ட். நான் கொடுத்த 2,850 ரூபாயையும், இத்தனை நாள் கேன் 40 ரூபாய் என்று வாங்குகிற தண்ணீர்க் காசையும் திருப்பித் தர வேண்டும், கேன் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் உங்கள் மெஷின் இருக்கிறது, சர்வீஸுக்கு வந்ததும் அதே தம்பிதான், அங்கேயும் எத்தனை பாட்டிகளுக்கு டேஸ்ட் வர வைத்தாரோ, அதையும் பாருங்கள். அவர் வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. அவருக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குமேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன், அப்புறம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்துவிட்டேன். ட்யூபை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன், போட்டோவும் லேப் ரிப்போர்ட்டும் இணைப்பில்.

ஆள் அனுப்பினால் காலை பதினொரு மணிக்குமேல் அனுப்புங்கள், அதற்கு முன்னால் அடி பம்பில் தண்ணீர் வரும் நேரம், யாரும் கதவைத் திறக்க மாட்டோம். இந்தத் தடவை வேலை முடிந்து, நான் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் ஓ.டி.பி.

இப்படிக்கு,
உங்கள் கொருக்குப்பேட்டை வாடிக்கையாளர்